முள் குத்தியது முதல் கால் விலகுவது வரை: நரம்புச் செய்தி பயணிக்கும் விதம், படிப்படியாக

வரப்பில் வெறுங்காலோடு நடக்கும்போது சீமைக் கருவேல முள் ஏறினால், வாயிலிருந்து சத்தம் வருவதற்கு முன்பே கால் மேலே வந்துவிடுகிறது. வலி என்று நாம் உணர்வது அதற்குப் பிறகுதான். அந்தக் கண நேரத்தில் உள்ளங்கால், தண்டுவடம், தொடைத் தசை, மூளை ஆகியவற்றுக்கு இடையே நடக்கும் செய்திப் போக்குவரத்தை ஒவ்வொரு கட்டமாகப் பின்தொடர்வோம். பத்தாம் வகுப்பு உயிரியல் ஓரளவு நினைவிருந்தால் போதும், மறந்துபோயிருந்தாலும் பாதகமில்லை.

தொடங்கும் முன் ஓர் எண்ணத்தை மனத்திலிருந்து அகற்றிவிட வேண்டும். நரம்பு என்பது உடலுக்குள் ஓடும் மின்கம்பி என்று பலரும் நினைக்கிறார்கள். வகுப்பில் அப்படிச் சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. மின்கம்பியில் பாயும் மின்சாரம் தூரம் கூடக் கூட வலுவிழக்கும். நரம்புச் செய்தி வலுவிழப்பதில்லை. உள்ளங்காலில் நரம்புக்குள் புகுந்த எந்த அயனியும் (மின்சுமை கொண்ட அணு) தண்டுவடம் வரை போவதுமில்லை. வழியெங்கும் நரம்பு அந்தச் செய்தியைப் புதிதாக உண்டாக்கி, அடுத்த இடத்தைத் தூண்டிவிடுகிறது. இது பிடிபட்டுவிட்டால், பல் மருத்துவர் போடும் மரப்பூசி ஏன் வேலை செய்கிறது, கட்டுவிரியன் கடித்தவருக்கு இமை ஏன் தொங்குகிறது, சர்க்கரை நோயாளிக்குப் பாதம் ஏன் மரத்துப்போகிறது என்பதையெல்லாம் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது. எல்லாமே இந்தப் பயணத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் ஏற்படும் தடைகள்தாம்.

படி 1: செய்தியைச் சுமக்கும் செல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

நரம்பு செல்லுக்கு நியூரான் என்று பெயர். அதற்கு ஓர் உடல் உண்டு. உட்கரு அதில்தான் இருக்கிறது. செய்தியை வாங்கிக்கொள்ளும் கிளைகள் டெண்ட்ரைட்டுகள். செய்தியை வெளியே கொண்டுசெல்லும் ஒற்றை நீள இழை ஆக்ஸான். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

பாடநூல்களில் வரும் நட்சத்திர வடிவப் படம் தசையை இயக்கும் நியூரானுடையது. முள் குத்தியதைச் சொல்லும் உணர்வு நியூரான் அப்படி இருக்காது. அதன் உடல் முதுகெலும்புக்குப் பக்கத்திலுள்ள சிறு முடிச்சு ஒன்றில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் இழை இரண்டாகப் பிரிந்து, ஒன்று உள்ளங்கால் வரை இறங்குகிறது. மற்றொன்று தண்டுவடத்துக்குள் நுழைகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரே செல்லின் இழை, வளர்ந்த மனிதரில் சுமார் ஒரு மீட்டர் நீளம்.

இவ்வளவு நீளமான இழையைப் பராமரிப்பது எளிதல்ல. அதற்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை செல்லின் உடலில்தான் தயாராகின்றன. அவசரச் சரக்குகள் நாளொன்றுக்கு 40 செ.மீ. வரை நகரும், மற்றவை நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும். உடலின் மிக நீளமான இழைகள்தான் முதலில் பழுதாகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சர்க்கரை நோயில் மரத்துப்போதல் கால்விரல் நுனியில் தொடங்கி மேல்நோக்கி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

நியூரான்கள் தனித்தனிச் செல்கள் என்பதே ஒருகாலத்தில் பெரிய சச்சரவாக இருந்தது. இத்தாலியின் கமில்லோ கோல்ஜி, 1873இல் வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பு செல்களைக் கறுப்பாகச் சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்தார். நரம்பு மண்டலம் முழுவதும் ஒரே தொடர்ச்சியான வலை என்பது அவருடைய கருத்து. ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால் அதே சாய முறையை மேம்படுத்திப் பயன்படுத்தி, ஒவ்வொரு செல்லும் தனித்தே முடிகிறது என்று காட்டினார். 1906இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. தம் நோபல் உரையிலும் கோல்ஜி வலைக் கொள்கையையே வலியுறுத்திப் பேசினார். கஹால் சொன்னதுதான் சரி என்று பின்னாளில் உறுதியானது.

படி 2: ஓய்விலிருக்கும் நரம்பு ஓய்வாக இல்லை

முள் குத்துவதற்கு முன்பே நரம்பு தயார் நிலையில் இருக்கிறது. அந்தத் தயார் நிலை எதனால் வருகிறது என்று புரியாமல் அடுத்த படிகளுக்குப் போவதில் பயனில்லை.

செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சவ்வில் பதிந்திருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ 1957இல் இந்தப் பம்பைக் கண்டறிந்து, நாற்பது ஆண்டுகள் கழித்து 1997இல் நோபல் பரிசு பெற்றார். உள்ளே குவிந்த பொட்டாசியத்தில் ஒரு பகுதி, எப்போதும் திறந்திருக்கும் சில வாயில்கள் (அயனிகள் போய்வரச் சவ்விலுள்ள புரதத் துளைகள்) வழியே வெளியே கசிகிறது. நேர்மின் சுமையோடு அது வெளியேறுவதால் உட்புறம் எதிர்மின்னாக மாறுகிறது. வெளிப்புறத்தோடு ஒப்பிட்டால் உள்ளே சுமார் −70 மில்லிவோல்ட். இதுவே ஓய்வுநிலை மின்னழுத்தம்.

70 மில்லிவோல்ட் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சவ்வின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டருக்குள் இப்படிப்பட்ட சவ்வுகளை லட்சத்துக்கும் மேலாக அடுக்கிவிடலாம். அந்த மெல்லிய இடைவெளிக்குள் இவ்வளவு மின்னழுத்த வேறுபாடு என்றால், மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் என்ற அளவிலான மின்புலம் அது. சவ்விலுள்ள புரதங்கள் இந்த அழுத்தத்திலேயே வாழ்கின்றன. மின்னழுத்தம் சற்றே மாறினாலும் அவற்றின் வடிவம் மாறிவிடும். அடுத்து நடப்பதெல்லாம் இந்த வடிவ மாற்றத்தை நம்பித்தான்.

உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும்போதும் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவழிக்கிறது. அயனிகளைத் திரும்பத் திரும்ப இடம் மாற்றிவைக்கும் இந்த வேலைக்கு அதில் பெரும்பங்கு போகிறது.

படி 3: முள் எப்படி மின்குறியாக மாறுகிறது

தோலில் முடியும் வலி நரம்பு இழைகளுக்குத் தனி உறுப்பு எதுவும் கிடையாது, வெறும் நுனிகள்தாம். அந்த நுனிச் சவ்வில், இழுபட்டால் திறக்கும் வாயில்கள், சூட்டால் திறக்கும் வாயில்கள், வேதிப்பொருள் பட்டால் திறக்கும் வாயில்கள் எல்லாம் இருக்கின்றன. முள் திசுவைக் கிழிக்கும்போது சவ்வு இழுபட்டு வாயில்கள் திறக்கின்றன. நேர்மின் அயனிகள் உள்ளே வருகின்றன. −70 என்பது −65, −60 என்று மேலேறுகிறது.

பச்சை மிளகாய் ஏன் 'சுடுகிறது' என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் திறக்கும் ஒரு வாயிலை, மிளகாயின் காப்சைசினும் திறந்துவிடுகிறது. நாக்கிலிருந்து போகும் செய்தி இரண்டுக்கும் ஒன்றே. மூளைக்கு வேறுபாடு தெரியாது. இந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸும், அழுத்தத்தால் திறக்கும் வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

முள் எடுத்த பிறகும் அந்த இடத்தைத் தொட்டாலே வலிக்கிறதே, அதற்குக் காரணம் வேறு. சிதைந்த திசுவில் உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள், நரம்பு நுனி தூண்டப்படும் எல்லையைக் கீழே இறக்கிவிடுகின்றன. முன்பு வலிக்காத சிறு அழுத்தமும் இப்போது வலியாகிறது. ஆஸ்பிரின், இபுபுரூஃபென் ஆகியவை புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன. அந்த மாத்திரைகள் நரம்பை நேரடியாக மரக்கச் செய்வதில்லை.

படி 4: எல்லை தாண்டினால் வெடிப்பு

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

நுனியில் மின்னழுத்தம் சுமார் −55 மில்லிவோல்ட்டைத் தொட்டதும், மின்னழுத்தத்தை உணர்ந்து திறக்கும் சோடியம் வாயில்கள் திறக்கின்றன. வெளியே காத்திருக்கும் சோடியம் உள்ளே பாய்கிறது. உட்புறம் மேலும் நேர்மின்னாகிறது; அதனால் மேலும் பல சோடியம் வாயில்கள் திறக்கின்றன. ஒரு மில்லிநொடிக்கும் குறைந்த நேரத்தில் உட்புறம் +30, +40 வரை எகிறிவிடுகிறது. அதே வேகத்தில் சோடியம் வாயில்கள் தாமாகவே அடைத்துக்கொள்கின்றன. சற்றுத் தாமதமாகத் திறக்கும் பொட்டாசியம் வாயில்கள் வழியே பொட்டாசியம் வெளியேறி, உட்புறத்தை மறுபடியும் எதிர்மின்னாக்குகிறது. ஒரு துடிப்பு முடிந்தது. இதற்குச் செயல்நிலை மின்னழுத்தம் என்று பெயர்.

துடிப்பு முடிந்த உடனே பம்பு வந்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது என்று சில குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். அது தவறு. ஒரு துடிப்பில் இடம் மாறும் அயனிகள் மிகச் சொற்பம். பம்பை நிறுத்தினாலும் பெரிய ஆக்ஸான் ஒன்றால் இன்னும் பல துடிப்புகளை அனுப்ப முடியும். மின்னழுத்தத்தை உடனே மீட்பது பொட்டாசியத்தின் வெளியேற்றம். பம்பின் வேலை நீண்டகாலக் கையிருப்பைக் காப்பது.

துடிப்பில் பெரிது, சிறிது என்பது கிடையாது. −55ஐத் தொட்டால் முழுத் துடிப்பு, தொடாவிட்டால் ஒன்றுமில்லை. அப்படியானால் முள் லேசாகக் குத்தியதா, ஆழமாக ஏறியதா என்பதை நரம்பு எப்படிச் சொல்கிறது? எண்ணிக்கையால் சொல்கிறது. லேசான தூண்டலுக்கு நொடிக்குச் சில துடிப்புகள். பலமான தூண்டலுக்கு அதே இழையில் அடுக்கடுக்காகத் துடிப்புகள், கூடவே அக்கம்பக்கத்து இழைகளும் சேர்ந்துகொள்ளும். இதை ஒற்றை நரம்பிழையில் பதிவுசெய்து காட்டியவர் இங்கிலாந்தின் எட்கர் ஏட்ரியன். 1932இல் சார்லஸ் ஷெரிங்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இது ஒலி, இது ஒளி, இது வலி என்ற முத்திரை எந்தத் துடிப்பிலும் இல்லை. எந்த இழையில் வந்தது, எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இமையின் ஓரத்தை மெல்ல அழுத்தினால் ஒளிப்புள்ளி தெரிவது இதனால்தான். கைபட்டது அழுத்தம், போனது பார்வை நரம்பு வழி.

துடிப்பின் உள் விவரங்களை வெளிக்கொண்டுவந்தது கணவாய் என்ற கடல் உயிரி. அதன் உடலில் அரை மில்லிமீட்டர் குறுக்களவுக்கும் மேற்பட்ட ராட்சத ஆக்ஸான் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தில், 1939ஆம் ஆண்டு, ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அந்த ஆக்ஸானுக்குள் மெல்லிய மின்முனையை நீளவாக்கில் செருகி, துடிப்பை உள்ளிருந்தே பதிவுசெய்தார்கள். உட்புறம் சுழியத்துக்கு வருவதோடு நிற்காமல் நேர்மின் பக்கம் தாண்டிப் போனது. அதுவரை இருந்த கொள்கைக்கு அது பொருந்தவில்லை. சில வாரங்களில் போர் மூண்டு ஆய்வு நின்றது. போருக்குப் பிறகு தொடர்ந்து, 1952இல் சோடியம், பொட்டாசியம் ஓட்டங்களைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது பயன்பாட்டில் இல்லாததால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப் பொறியிலேயே அந்தச் சமன்பாடுகளைத் தீர்த்தார். கணக்கில் கிடைத்த துடிப்பின் வடிவமும் ஆக்ஸானில் அளந்த வடிவமும் ஒத்துப்போயின. 1963இல் நோபல் பரிசு வந்தது.

பல் பிடுங்கும் முன் போடும் லிக்னோகெய்ன் ஊசி இந்தக் கட்டத்தில்தான் குறுக்கிடுகிறது. சோடியம் வாயிலின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அதை அடைத்துவிடுகிறது. பல்லில் எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது. ஆனால் ஊசி போட்ட இடத்தைத் தாண்டித் துடிப்பு போக முடிவதில்லை. மெல்லிய வலி இழைகள் முதலில் ஓய்ந்துவிடும், தடித்த இழைகள் அவ்வளவு எளிதில் ஓயாது. அதனால்தான் இடுக்கியின் அழுத்தம் தெரிகிறது, வலி தெரிவதில்லை.

படி 5: துடிப்பு நகர்கிறது

ஓர் இடத்தில் உள்ளே பாய்ந்த சோடியம், பக்கத்து இடத்தின் மின்னழுத்தத்தையும் சற்று உயர்த்துகிறது. அங்கே −55 எட்டியதும் அங்குள்ள வாயில்கள் திறக்கின்றன. தீபாவளிச் சரவெடியில் ஒரு வெடியின் தீ அடுத்த வெடியின் திரியைப் பற்றவைப்பதுபோல இது நகர்கிறது. கடைசி வெடியின் சத்தம் முதல் வெடியின் சத்தத்துக்குக் குறைந்ததல்ல. ஏனெனில் ஒவ்வொரு வெடிக்கும் சொந்த மருந்து இருக்கிறது. சரவெடி எரிந்தால் தீர்ந்தது. நரம்போ சில மில்லிநொடிகளில் மறுபடி தயாராகிவிடுகிறது. அந்த இடைவெளியில், சற்று முன் துடித்த இடம் தூண்டினாலும் துடிக்காது. எனவே துடிப்பு வந்த வழியே திரும்புவதில்லை.

இப்படி அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் வேகம் குறைவு. வேகத்தைக் கூட்ட இரண்டு வழிகள். ஒன்று, ஆக்ஸானைத் தடிமனாக்குவது; கணவாய் இந்த வழியில் போயிற்று. அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு அதற்குக் கிடைப்பது நொடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர். முதுகெலும்பிகள் வேறு வழி கண்டன: ஆக்ஸானைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்த மையலின் உறை. ஷ்வான் செல்கள் எனப்படும் துணைச் செல்கள் ஆக்ஸானைப் பல அடுக்குகளாகச் சுற்றிக்கொண்டு இந்த உறையாகின்றன. உறைக்கு நடுவே மில்லிமீட்டர் அளவிலான தூரத்துக்கு ஒருமுறை சிறு இடைவெளி விடப்படுகிறது; அதுதான் ரான்வியரின் கணு. சோடியம் வாயில்கள் அந்தக் கணுக்களில் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. துடிப்பு கணுவுக்குக் கணு தாவுகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு மட்டுமே தடிமனுள்ள மையலின் இழை நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செய்தி அனுப்புகிறது. இந்த ஏற்பாடு இல்லாமல் நம் உடலிலுள்ள லட்சக்கணக்கான இழைகளும் கணவாயின் அளவுக்குத் தடித்திருந்தால், தண்டுவடம் முதுகெலும்புக்குள் அடங்கியிருக்காது.

முள் வலிக்கு இரண்டு வகை இழைகள் உண்டு. மெல்லிய மையலின் உறையுள்ளவை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். உறையே இல்லாதவை நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர். உள்ளங்காலிலிருந்து தண்டுவடம் வரை ஒரு மீட்டர் என்று கொண்டால், முதல் வகை பத்தில் ஒரு பங்கு நொடியில் வந்துவிடும். இரண்டாம் வகைக்கு ஒரு நொடிக்கு மேலும் ஆகலாம். அடுத்த முறை கால் விரலைக் கட்டில் காலில் இடித்துக்கொள்ளும்போது கவனியுங்கள்: 'சுள்' என்று ஒரு வலி, சிறு இடைவெளி, அதன் பிறகு பரவும் எரிச்சல். ஒரே அடி இரு வேறு வேகங்களில் வந்து சேர்கிறது.

படி 6: இடைவெளியைத் தாண்டுதல்

தண்டுவடத்தில் அந்த ஆக்ஸான் முடிந்துவிடுகிறது. அடுத்த நியூரானுக்கும் அதற்கும் நடுவே 20 முதல் 40 நானோமீட்டர் இடைவெளி. இந்தச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். இங்கே துடிப்பு தாவுவதில்லை. அது ஆக்ஸான் முனையை எட்டியதும் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே வந்த கால்சியம், முனையில் தயாராக நிற்கும் சிறு பைகளைச் சவ்வோடு ஒட்டிப் பிளக்கச் செய்கிறது. பையிலிருந்த வேதிப்பொருள் இடைவெளியில் கொட்டி, எதிர்ச்சவ்விலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கே வாயில்கள் திறந்து, அடுத்த நியூரானின் மின்னழுத்தம் மாறுகிறது. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ அரை மில்லிநொடி. வலி இழைகள் பயன்படுத்தும் முக்கிய வேதிப்பொருள் குளூட்டமேட்.

நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்பதை நிரூபித்த சோதனையின் எளிமை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், 1921இல் வெளியான ஆய்வில், ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தில், இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் வேகஸ் நரம்பு இணைந்திருந்தது. அதைத் தூண்டியதும் துடிப்பு மெதுவானது. முதல் இதயத்தைச் சூழ்ந்திருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்துக்குச் செலுத்தினார். நரம்பே இல்லாத அந்த இதயமும் மெதுவானது. செய்தி கரைசலில் இருந்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியானது. இந்தச் சோதனையின் யோசனை நள்ளிரவில் தோன்றி, அதை எழுதி வைத்து, காலையில் தம் கையெழுத்தே புரியாமல் தவித்து, மறுநாள் இரவு அது மீண்டும் தோன்றியதும் நேரே ஆய்வகத்துக்குப் போனதாக லோவி பிற்காலத்தில் சொன்னார்.

எல்லாச் சினாப்ஸுகளும் அடுத்த செல்லைத் தூண்டுவதில்லை. சில அடக்கும். தண்டுவடத்தில் கிளைசின் என்ற வேதிப்பொருள் அடக்கும் வேலையைச் செய்கிறது. அடக்குவது தூண்டுவதைவிடக் குறைந்த வேலை என்று எண்ண வேண்டாம். டெட்டனஸ் கிருமியின் நஞ்சு, இந்த அடக்கும் செல்கள் தம் வேதிப்பொருளை வெளியிடாதபடி தடுக்கிறது. விளைவு: தாடை பூட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாக வளைகிறது. துரு ஆணி குத்தினாலும், மண்ணில் கிடந்த முள் குத்தினாலும் தடுப்பூசி விவரத்தை மருத்துவர் கேட்பது இதற்காகத்தான்.

படி 7: தண்டுவடம் தானே முடிவெடுக்கிறது

ஒரு நியூரானின் மேல் ஆயிரக்கணக்கான சினாப்ஸுகள் இருக்கலாம். தூண்டுவன, அடக்குவன எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எல்லை எட்டினால்தான் அது துடிக்கும். முள் செய்தி வந்ததும் தண்டுவடத்தின் இடைநியூரான்கள் மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்குகின்றன: அந்தக் காலை மடக்கும் தசைகளின் நியூரான்களைத் தூண்டுகின்றன, அதே காலை நீட்டும் தசைகளின் நியூரான்களை அடக்குகின்றன, மறு காலில் இதற்கு நேர்மாறாகச் செய்து அதை விறைப்பாக்குகின்றன. மூன்றாவது இல்லாவிட்டால், முள்ளிலிருந்து தப்பிய கையோடு வரப்பிலிருந்து சேற்றில் விழுந்திருப்போம். இதையெல்லாம் மூளையைக் கேட்காமலே தண்டுவடம் செய்கிறது.

படி 8: மூளைக்கு அறிவிப்பு

அதே சமயம் இன்னொரு நியூரான் செய்தியை மேலே கொண்டுசெல்கிறது. தண்டுவடத்திலேயே அது மறுபக்கம் கடந்து, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதி வரை ஏறுகிறது. அங்கிருந்து பெருமூளைப் புறணிக்கு. வலக்கால் வலி இட மூளைக்குப் போகிறது. பாதத்துக்கான பகுதி, மூளையின் இரு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்த்திருக்கும் உட்பக்கச் சுவரில் இருக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் வலி நமக்குத் 'தெரிகிறது'.

இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதற்கு விளக்கம் தந்தவர்கள் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால், ஆண்டு 1965. தொடுவுணர்வு இழைகள் தண்டுவடத்திலுள்ள அடக்கும் நியூரான்களைத் தூண்டி, மேலே போகும் வலிச் செய்தியைக் குறைக்கின்றன. மூளையாலும் கீழ்நோக்கிச் செய்தி அனுப்பி, வலிச் செய்தி கடக்கும் அந்த வாசலை இறுக்கவோ தளர்த்தவோ முடியும். அவர்கள் வரைந்த சுற்றுப்பாதையின் சில விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் வலியின் அளவு தண்டுவடத்திலேயே கூட்டிக் குறைக்கப்படுகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

இந்த அறிவிப்பு வராமலே போனால் என்ன ஆகும் என்பதை வேலூரிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவதற்கு அந்த நோய் சதையை அழுகவைப்பது காரணமல்ல என்பதைக் கண்டார். தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்களுக்குள் குடியேறி நரம்பைப் பாழாக்குகிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், புண்ணோடு நடக்கிறார்கள், புண் எலும்பு வரை போகிறது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் இதே ஆபத்துதான். அவர்கள் தினமும் உள்ளங்காலைக் கண்ணால் பார்ப்பது கட்டாயம். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் எளிய பரிசோதனையும் இருக்கிறது. கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

படி 9: தசை இயங்குகிறது, செய்தி அழிக்கப்படுகிறது

தண்டுவடத்திலிருந்து தொடைத் தசைக்கு வரும் ஆக்ஸான் தடித்தது, வேகமானது. தசையில் அது முடியும் இடத்தில் அசிட்டைல்கோலின் கொட்டுகிறது, தசைச் சவ்வில் துடிப்பு எழுகிறது, தசை சுருங்குகிறது, கால் மேலே வருகிறது.

கொட்டிய அசிட்டைல்கோலின் அங்கேயே தங்கிவிட்டால் தசை அடுத்த செய்தியைக் கேட்க முடியாது. அதனால் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடனே உடைக்கிறது. ஒரு நொதி மூலக்கூறு நொடிக்குப் பல ஆயிரம் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துவிடும். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் இந்த நொதியைத்தான் முடக்குகின்றன. பூச்சியைக் கொல்லும் அதே வழிமுறை தெளிப்பவரையும் தாக்குகிறது: எச்சில் ஒழுகுதல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல். மருத்துவமனையில் அட்ரோபின் கொடுப்பது, சுரப்பிகளிலும் மூச்சுக்குழாயிலும் இதயத்திலும் உள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளை அடைப்பதற்காக. தோல் வழியாகவும் இந்த மருந்து உடலில் ஏறும். காற்றுக்கு எதிரே நின்று வெறும் உடம்போடு தெளிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. முழுக்கைச் சட்டையும் கையுறையும், முடித்ததும் சோப்புக் குளியலும் கட்டாயம்.

பாம்புகள் இதே சந்திப்பைத் தாக்குகின்றன. நல்ல பாம்பின் நரம்பு நஞ்சு தசைப் பக்கத்து ஏற்பிகளில் அமர்ந்து அசிட்டைல்கோலினுக்கு இடம் தராமல் செய்கிறது. கட்டுவிரியனின் நஞ்சு ஆக்ஸான் முனையையே சிதைத்து, பைகள் வெளிவராதபடி செய்கிறது. முதலில் இமை தொங்கும். பிறகு விழுங்குவது கடினமாகும். கடைசியில் மூச்சுத் தசைகள் ஓயும். கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் பெரிதாக இராது. இரவில் தரையில் படுத்தவருக்கு விடிகாலையில் இமை தொங்கினால், கடிவாய் தென்படாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சிதைந்த முனை மறுபடி வளர நாள்கள் பிடிக்கும். அதுவரை செயற்கைச் சுவாசம் உயிரைக் காக்கும். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவதில், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரியது. அந்த மக்களின் கைத்திறனுக்கு நாடு பட்ட கடன் போதிய அளவு பேசப்படவில்லை.

நீங்களே அளந்து பாருங்கள்

30 செ.மீ. அளவுகோலை ஒருவர் மேல்முனையில் பிடித்துத் தொங்கவிடட்டும். நீங்கள் சுழியக் கோட்டுக்கு நேராக விரல்களைத் திறந்து வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும். 15 செ.மீ.யில் பிடித்தால் சுமார் 0.175 நொடி, 20 செ.மீ. என்றால் 0.20 நொடி. மூளையிலிருந்து கை வரையிலான பயணத்துக்கு அதில் சுமார் 0.02 நொடிதான் செலவு. மீதி நேரம் கண், மூளை, சினாப்ஸுகள், தசை ஆகியவற்றுடையது. பயிற்சியால் சற்றுக் குறைக்க முடிவது அந்த மீதியைத்தான். நரம்பின் வேகத்தை அல்ல.

மருத்துவமனையில் அளப்பது எப்படி

நரம்புச் செய்தி அளக்க முடியாத வேகத்தில் போகிறது என்பது ஜெர்மானிய உடலியலாளர் யோஹன்னஸ் முல்லரின் கருத்து. அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் அதை அளந்தே காட்டினார். தவளையின் நரம்பைத் தசைக்கு அருகே ஓரிடத்திலும், தொலைவில் மற்றோரிடத்திலும் தூண்டி, தசை சுருங்க ஆன நேர வேறுபாட்டைக் கண்டார். தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தபோது நொடிக்கு 30 மீட்டர் அளவில் விடை வந்தது.

இன்று நரம்புக் கடத்தல் பரிசோதனை அதே முறையில்தான் நடக்கிறது. கட்டைவிரல் தசையின் மேல் மின்முனை ஒட்டி, மணிக்கட்டில் ஒருமுறையும் முழங்கையில் ஒருமுறையும் சிறு மின்தூண்டல் தருகிறார்கள். முன்கையில் இந்த வேகம் வளர்ந்தவர்களுக்கு நொடிக்கு 50 மீட்டர் அளவிலோ அதற்கு மேலோ இருப்பது இயல்பு. அறிக்கையில் இரண்டு எண்களைத் தேடுங்கள். வேகம் வெகுவாகக் குறைந்திருந்தால் பழுது மையலின் உறையில்; உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோயின் பொதுவான வகை இப்படிப்பட்டது. வேகம் ஓரளவு சரியாக இருந்து, மின்முனையில் பதிவாகும் அலையின் உயரம் குறைந்திருந்தால் ஆக்ஸான்களே அழிந்திருக்கின்றன. இந்த வேறுபாடு நோயாளிக்கு முக்கியமானது. உறை சில வாரங்களில், மாதங்களில் மறுபடி உருவாகலாம். ஆக்ஸான் நீளவாக்கில் வளர்ந்தே வர வேண்டும்.

அந்த வளர்ச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டில் அறுபட்ட நரம்பைத் தைத்தால், 18 செ.மீ. தள்ளியுள்ள விரல் நுனிக்கு உணர்வு திரும்ப ஆறு மாதமாவது ஆகும். மூன்றாம் மாதம் ஒன்றும் தெரியவில்லை என்று சிகிச்சையைக் கைவிடுபவர்கள் உண்டு, அவசரம் அது. மருத்துவர் நரம்பின் பாதையில் விரலால் தட்டிக்கொண்டே வருவார். எந்த இடத்தில் தட்டினால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்கிறதோ, அதுவரை புதிய இழை வந்துவிட்டது என்று பொருள். மாதாமாதம் அந்த இடம் கீழே இறங்கினால் வளர்ச்சி நடக்கிறது. அதுவரை இயன்முறைப் பயிற்சியால் மூட்டுகள் இறுகாமல் காக்க வேண்டும். நரம்பில்லாத தசை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, நரம்பு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் திறனைப் பெருமளவு இழந்துவிடும். ஆகவே நரம்பு அறுபட்ட காயத்தை ஆறட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. முதல் சில நாள்களிலேயே கை அறுவை நிபுணரிடம் காட்டிவிட வேண்டும்.